மலைநாட்டின் தொல்மனிதர்

இலங்கையின் நானுஓயாவைச் சூழ்ந்த மத்திய மலைநாட்டில் ஆதிமனிதர் நடமாடியதற்குக் கிடைக்கும் முதன்மைச் சான்று நுண்கற்கருவிகளே. முக்கோணம், பிறை, சரிவகம் எனச் சிறு வடிவங்களில் அமைந்த இவற்றில் பெரும்பாலானவை படிகக்கல்லால் ஆனவை. ஒரு விளிம்பு கத்திபோல் கூராக இருக்கும். தண்டில் பொருத்துவதற்காக மறுவிளிம்பைக் கொத்தி மழுக்கியிருப்பார்கள். 2,000 மீற்றருக்கு மேலுள்ள ஹோட்டன் சமவெளியிலும் இவை கிடைத்துள்ளன.

இவற்றைத் தேடிச் சேர்த்த முன்னோடிகளில் ஒருவர் தோட்டத்துரை ஜான் போல். இலங்கைக் கற்கருவிகள் பற்றிய அவரது நூல் 1913இல் வெளிவந்தது. நானுஓயாவிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில் பாதையிலுள்ள பண்டாரவளைக் குன்றுகளும் இக்கருவிகளுக்குப் பேர்போனவை. ஆனால் மேட்டில் கிடைத்த கல்லுக்கு வயது சொல்வது கடினம். மழை மிகுந்த மலைமண்ணின் அமிலத்தன்மை எலும்பைத் தின்றுவிடும். காடழித்து, வடிகான் வெட்டி, தேயிலை நட்டபோது மண்ணடுக்குகளும் கலைந்துபோயின.

ஆகவே காலக்கணக்குக்குச் சரிவின் கீழுள்ள குகைகளையே நாட வேண்டியிருக்கிறது. ஹட்டனுக்குக் கீழே கித்துல்கல பெலிலென, குருவிட்டவுக்கு அருகே பட்டதொம்பலென, புளத்சிங்கள பக்கம் பாகியன்கல ஆகியவை முக்கியமானவை. தொல்லியலாளர் சிரான் தெரணியகல முதலானோரின் அகழ்வுகள் இவற்றுக்கு வயது தந்தன. பாகியன்கலவின் பழைய அடுக்கு ஏறத்தாழ 48,000 ஆண்டுகள் முந்தியது. குரங்கும் மர அணிலும் வேட்டையாடி உண்ட அம்மக்களின் எலும்பு அம்புமுனைகளும் அங்கே கிடைத்தன. உள்நாட்டுக் குகைகளில் கடற்சிப்பி கிடைப்பதால், கடற்கரையோடு அவர்களுக்குத் தொடர்பு இருந்தது தெளிவு.

ஒப்பிட்டுப் பார்த்தால், அமெரிக்காவின் மிகப் பழைய தடயங்களில் ஒன்றான நியூ மெக்சிகோவின் வெள்ளைமணல் காலடித் தடங்களுக்கு 21,000 முதல் 23,000 ஆண்டு வயது சொல்லப்படுகிறது. பாகியன்கலவின் வயதில் பாதிகூட இல்லை. அமெரிக்காவுக்குச் செல்லும் வழியைப் பனிப்பாளங்கள் மறித்திருந்தன. இங்கோ கடல் தாழ்ந்திருந்த காலங்களில் இந்தியாவிலிருந்து நடந்தே வரலாம். அந்த நிலத்தொடர்பு அறுந்தது சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்தான்.

ஹோட்டன் சமவெளிச் சதுப்பு மண்ணின் மகரந்தத்தை ஆராய்ந்த பிரேமதிலக குழுவினர், சுமார் 17,500 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு காடெரிப்பும் மேய்ச்சலும், பின்னர் பார்லி, ஓட்ஸ் பராமரிப்பும் தொடங்கியதாகக் கூறினர். துணிச்சலான முடிவு, ஆனால் காட்டுப்புல்லின் மகரந்தத்தையும் தானியப் பயிரின் மகரந்தத்தையும் பிரித்தறிவது எளிதல்ல. கருகிய தானியமணி கிடைக்கும்வரை இதை உறுதியான வேளாண்மைச் சான்றாகக் கொள்ள முடியாது.

வடிகான் வெட்டும்போது கொத்திய படிகக்கல் தென்பட்டால், அதைப் பெயர்க்காமல் இடத்தைக் குறித்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை. எடுத்த இடம் தெரியாத கருவியால் ஆய்வுக்குப் பயன் குறைவு.