குடியை விட்டவர்களின் கூட்டம்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலும் மதுவின் கதை மாநிலத்தோடு சேர்ந்தே நடந்தது. 1948-இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு, 1971-இல் தளர்வு, 1983-இல் மொத்த விற்பனைக்கு அரசின் டாஸ்மாக், 2003 இறுதியில் சில்லறைக் கடைகளும் அரசின் கைக்கு வந்தன.

சட்டம் கடையை மூடும். கை நடுக்கத்தை நிறுத்தாது.

அதற்கொரு வழி 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பிறந்தது. குடியால் நொடிந்த பங்குத் தரகர் பில் வில்சன், அதே நோயில் தவித்த மருத்துவர் பாப் ஸ்மித்திடம் தன் கதையைச் சொன்னார். அறிவுரையாக அல்ல, அனுபவமாக. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அப்படித்தான் தொடங்கியது. கட்டணமில்லை, முழுப்பெயர் தேவையில்லை, குடியை விடும் விருப்பம் போதும். 1957-இல் இந்தியாவிலும் அது காலூன்றியது.

கணவர் டி.டி.ரங்கநாதனைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் அவர் பெயரில் சிகிச்சை அறக்கட்டளையைத் தொடங்கினார். 1989 முதல் மஞ்சக்குடி என்ற ஊரில் முகாம் நடத்தி, சிகிச்சையைக் கிராமத்துக்கே கொண்டுபோனார். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

நெடுநாள் குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஆகவே தேனிக்காரர்கள் முதலில் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகுங்கள். பக்கத்தில் நடக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தைப் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள்.