நெய் பூசிய துவக்கு

இலக்கிய நிகழ்ச்சியில் துவக்குக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் 2024 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், ஓர் இரவு, சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பொன்று என்னைப் புறநானூற்றுப் பாட்டொன்றின் முன் மறுபடியும் கொண்டுபோய் நிறுத்தியது. அதனாலேயே இதை இங்கு பேசத் துணிந்தேன்.

அழைத்தவர் என் மூத்த அண்ணன்.

"தம்பி, உவன் துவக்கு வாங்கப் போறானாம். நான் துவக்குக்குப் பயந்து இந்தக் குளிருக்குள்ள வந்து முப்பத்தைஞ்சு வருசம். இவன் காசு குடுத்து அதை வீட்டுக்குள்ள கொண்டு வரப்போறானாம். நீ படிப்பிக்கிற ஆள்தானே, நீ ஒருக்கால் சொல்லிப் பார்."

அவர் "உவன்" என்றது தமது மகனை. என் பெறாமகன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன், பொறியியல் படித்தவன். மறுநாள் அவனோடு பேசினேன். "சித்தப்பா, அது சுடுறதுக்கில்லை. சேர்த்து வைக்கிறதுக்கு. அப்பாவுக்கு விளங்குதில்லை" என்றான். அவன் வாங்க நினைத்தது லூகர் என்னும் பழைய இராணுவக் கைத்துப்பாக்கி. அதன் கதையை ஒரு மணி நேரத்துக்கு மேலாக எனக்குச் சொன்னான். கேட்கக் கேட்க, கண்டிக்க வந்தவன் மாணவனாகிப் போனேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1893 இல் ஹியூகோ போர்ச்சார்ட் என்பவர், ஒரு முறை சுட்டதும் அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கி ஒன்றை வடிவமைத்தார். அதன் சூட்சுமம் மனித முழங்காலைப் போன்றது. கால் நேராக நிற்கும்போது எவ்வளவு பாரத்தையும் தாங்கும். சற்றே மடங்கினால் முழுவதும் மடிந்துவிடும். வெடிக்கும் கணத்தில் அந்த இரும்பு முழங்கால் நேராக நின்று பின்னுதைப்பைத் தாங்குகிறது. பிறகு மேல்நோக்கி மடிந்து வெற்றுக்கோதை வெளியே எறிந்து, மீண்டும் நிமிர்கையில் புதிய ரவையை உள்ளே தள்ளுகிறது. போர்ச்சார்ட்டின் ஆயுதம் கைக்கு அடங்காத பருமனானது. அதைச் சுருக்கி, பிடியைக் கைக்கு இசைவாகச் சாய்த்துக் கொடுத்தவர் ஒஸ்திரியாவில் 1849 இல் பிறந்த ஜோர்ஜ் லூகர்.

லூகரை ஜேர்மனியரின் ஆயுதம் என்றே நானும் நினைத்திருந்தேன். போர்ப் படங்களில் நாம் கண்டதெல்லாம் அப்படித்தானே! ஆனால் அதை முதன்முதலில் தன் இராணுவத்துக்கு ஏற்றுக்கொண்ட நாடு சுவிற்சர்லாந்து, ஆண்டு 1900. ஜேர்மன் கடற்படை 1904 இலும் தரைப்படை 1908 இலுமே அதை எடுத்துக்கொண்டன. முதலாம் உலகப் போரினால் ஜேர்மனியிலிருந்து வரவு தடைப்படவே, பேர்ணில் உள்ள அரச ஆயுதத் தொழிற்சாலை அதைத் தானே செய்யத் தொடங்கியது. 1929 இல் செலவைக் குறைத்து, வடிவத்தை எளிமையாக்கினார்கள். 1949 இல் வேறொரு கைத்துப்பாக்கி அதன் இடத்துக்கு வந்தது. என் பெறாமகன் கண்வைத்திருந்தது அந்த 1929 ஆம் ஆண்டு வகையில் ஒன்று. அவன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் செய்யப்பட்டது.

முதன்முதலாக வாங்குபவன் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னான். துவக்குக்கு முன் அதைப் பற்றிய புத்தகத்தை வாங்க வேண்டுமாம். பிரதான பாகங்களில் பொறித்த எண்கள் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையேல் பல துவக்குகளின் துண்டுகளைக் கூட்டிச் சேர்த்தது என்று பொருள். கருநீல மெருகு பழையதாகவே இருக்க வேண்டும். தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, புதிதாக மெருகிட்டால் விலை விழுந்துவிடும். விலை கூட்டுவதற்காகப் பொய் முத்திரை குத்தி விற்பவர்களும் உண்டு. இதையெல்லாம் கேட்டபோது ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்த நம் பதிப்பாசிரியர்களின் நினைவு எனக்கு வந்தது. பாடபேதம் பார்ப்பதும் எண் பார்ப்பதும் ஒரே வகைக் கண்தான்.

சேர்க்கும் ஆசை எனக்கும் புதிதல்ல. சிறுவயதில் வெற்றுக்கோதுகளைப் பனையடியில் பொறுக்கிப் பால்மா ரின் ஒன்றில் ஒளித்து வைத்திருந்தேன். நீளம், பருமன் பார்த்துத் தரம் பிரித்தும் வைத்திருந்தேன். ஒருநாள் அம்மா கண்டார். ஒரு வார்த்தையும் பேசாமல் ரின்னோடு கொண்டுபோய்க் கிணற்றுக்குள் போட்டார். அண்ணன் ஊரைவிட்டுப் போய் இரண்டு மாதம்கூட ஆகாத காலம் அது.

இனிப் பாட்டுக்கு வருகிறேன். அதியமானின் தூதாகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டினான். பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மிக்க மனையில் இருந்தன அவனுடைய வேல்கள். அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவையார். புகழ்வது போல இகழ்ந்த அந்த நயத்தை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். இதைச் சொல்லி, "நீயும் தொண்டைமானைப் போல நெய் பூசிய ஆயுதத்துக்கு அல்லவா ஆசைப்படுகிறாய்?" என்று அவனைச் சீண்டினேன்.

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான். "அப்ப தொண்டைமான்ர வேல்தானே சித்தப்பா நல்லது? அது ஒருத்தரையும் குத்தேல்லையே. இந்த நாடு ரெண்டு உலகப் போருக்கும் போகேல்லை. அதாலதான் நான் சுவிஸ் லூகரைத் தேடினனான்."

என்னிடம் பதில் இருக்கவில்லை. போரைத் தவிர்ப்பதற்காகவே ஔவையார் அங்கு சென்றார் என்பதும், அதற்காக அவர் உயர்த்திப் பேசியது இரத்தம் பட்ட வேலையே என்பதும் அன்றுதான் எனக்கு உறுத்தின.

இன்னொன்றையும் அவன் சொன்னான். அது என்னை வெகுவாகத் தாக்கியது. அந்நாட்டுச் சட்டப்படி 1870 க்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கிகளே தொல்பொருள். லூகருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். 2008 ஆம் ஆண்டின் ஆயுத ஒழுங்குவிதியிலே 12 ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. சில நாடுகளின் பிரசைகள் ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று அது விதிக்கிறது. சேர்பியா, பொஸ்னியா, துருக்கி, அல்ஜீரியா என நீளும் அப்பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. (துப்பாக்கி, துவக்கு என்னும் சொற்கள் துருக்கி மொழிவழி வந்தவை என்பர். சொல்லைத் தந்தவரும் வாங்கியவரும் ஒரே பட்டியலில்!) அங்கு பிறந்தும் இலங்கைப் பிரசையாகவே இருந்த என் பெறாமகன், சுவிஸ் பிரசாவுரிமை பெறும்வரை ஒரு லூகரை விலைபேசவும் முடியாதிருந்தான். அண்ணன் இன்றும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான் வைத்திருக்கிறார்.

"அப்பா அதை வைச்சிருக்கேலாது. திறப்பு என்னட்டைத்தான் இருக்க வேணும்" என்றான்.

துவக்குக்குப் பயந்து ஓடிய மனிதரை, துவக்கு வைத்திருக்கத் தகாதவர் என்று ஒரு சட்டம் எழுதி வைத்திருப்பதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை. அவன் வாங்குவதைத் தடுக்கவும் இல்லை. சமையலறையும் சுவாமிப்படமும் இருக்கும் மாடிக்குக் கொண்டுவராதே, நிலவறைப் பெட்டகத்தில் பூட்டி வை என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஒப்புக்கொண்டான்.

மார்கழியில் அண்ணன் மறுபடி எடுத்தார். பெட்டகத்தின் முன்னால் நின்று பார்த்தாராம், தொடவில்லையாம். எண்கள் எல்லாம் ஒன்றாக இருந்தனவாம். அவற்றுக்கு அருகே ‘பி’ என்று ஓர் எழுத்துக் குத்தியிருந்ததைக் கண்டு, என்னவென்று மகனிடம் கேட்டிருக்கிறார். இராணுவ சேவை முடிந்து வீடு திரும்பும் சுவிஸ் வீரனுக்கு அவனுடைய ஆயுதத்தைச் சொந்தமாகக் கொடுக்கும்போது இடும் அடையாளம் அது என்று அவன் சொல்லியிருக்கிறான்.

"வீட்டை போகேக்கை குடுத்து விடுறவையாம், தம்பி" என்றார் அண்ணன். பிறகு, ஊரில் மழை எப்படி, கிணறு நிரம்பிவிட்டதா என்று கேட்டார்.