தேர்ச்சி விழுக்காடு மறைப்பவை: தருமபுரியின் அரசுப் பள்ளிகளை ஒப்பிடுவது எப்படி?

பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் மாவட்டங்களும் பள்ளிகளும் தேர்ச்சி விழுக்காட்டின்படி வரிசைப்படுத்தப்படுகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, தருமபுரியில் 68.54 விழுக்காடு. மாநிலத்திலேயே இதுதான் மிகக் குறைவு. முதல் தலைமுறையாகக் கற்கும் பிள்ளைகள் மிகுந்த இம்மாவட்டத்தில், தேர்ச்சி வரிசை ஒன்றை மட்டும் கொண்டு பள்ளியின் தரத்தை எடைபோடுவது அநீதியாகும்.

‘அரசுப் பள்ளி’ ஒரே வகையன்று

பள்ளிக்கல்வித் துறைப் பள்ளிகளோடு, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும், சித்தேரி போன்ற மலைப்பகுதி மக்களுக்கான பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளே. ஊர்ப் பள்ளிகளில் தலித் பிள்ளைகளுக்கு இடம் மறுக்கப்பட்ட காலத்தில், சென்னை மாகாணத் தொழிலாளர் துறை 1920களில் திறந்த பள்ளிகளே ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் முன்னோடிகள்.

பாடநூலும் தேர்வும் அனைவருக்கும் ஒன்றே, நிருவாகம் வேறு. முதலாவது வகை முதன்மைக் கல்வி அலுவலரின் பொறுப்பில் உள்ளது. மற்றவை நலத்துறை அலுவலரின் பொறுப்பில் உள்ளன. அப்பணியிடங்களுக்குப் பெரும்பாலும் வருவாய்த் துறையினரே வருகின்றனர். எனவே கட்டடமும் விடுதியும் கண்காணிக்கப்படும் அளவுக்குக் கற்பித்தல் கண்காணிக்கப்படுவதில்லை என்ற விமர்சனம் நெடுநாளாக உண்டு.

விழுக்காட்டின் கணக்கு

தேர்ச்சி விழுக்காடு தேர்வு எழுதியோரை மட்டுமே கணக்கில் கொள்கிறது. இடைநின்ற பிள்ளை அதில் இடம்பெறுவதில்லை. இருபது பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினாலே ஐந்து விழுக்காடு சரியும். இருநூறு பேர் எழுதும் பள்ளியில் அது அரை விழுக்காடுதான்.

ஆகவே ஒப்பிடுவோர் கேட்க வேண்டியவை:

- ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தோரில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினர்?
- அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களில் எத்தனை காலி? பாடவாரியாக ஆசிரியர் உள்ளனரா?
- மேல்நிலையில் அறிவியல் பிரிவு உண்டா? ஆய்வகம் இயங்குகிறதா?
- மாணவியருக்குத் தனிக் கழிப்பறையும் தண்ணீரும் உள்ளனவா?
- பட்டியல் சாதி, பழங்குடி மாணவரின் தேர்ச்சி தனியே எவ்வளவு?

இணைப்பு விவாதம்

பிற துறைப் பள்ளிகள் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப்படும் என 2023-24 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. நாங்குநேரி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழுவும் 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் இதனைப் பரிந்துரைத்தது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளத்தை நீக்கவும் கோரியது. சேரிப் பள்ளி என்னும் இழிவு நீங்கும் என்பது ஆதரவாளர் வாதம். நிலமும் நிதியும் ஆசிரியர் பணியிடங்களும் தலித் மக்களின் கையைவிட்டுப் போகும் என்பது எதிர்ப்பாளர் அச்சம். இரண்டுமே புறந்தள்ளத் தக்கவையல்ல.

இணைப்பு நிகழ்ந்தாலும் நிகழாவிட்டாலும், மேற்கண்ட கேள்விகளுக்கான விடையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்வழி எவரும் கோரலாம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே. நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு அதில் உரிய விகிதத்தில் இடமுண்டு. அக்குழுக் கூட்டத்தில் இக்கேள்விகளை எழுப்பிப் பதிவேட்டில் ஏற்றுவதிலிருந்தே நேர்மையான ஒப்பீடு தொடங்கும்.