இரும்புக்கை மாயாவி: ஒரு பெயர் வந்த வழி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ சிதம்பரம் கீழவீதியிலோ ஐம்பது வயதைக் கடந்த ஒருவரிடம் 'மாயாவி' என்று சொல்லிப் பாருங்கள். வாலியோடு மோதிய அசுரன் அவர் நினைவுக்கு வருவது அரிது. "இரும்புக்கை மாயாவியா?" என்றுதான் கேட்பார். கொஞ்சம் இளையவர் என்றால், "முகமூடி போட்டுக்கொண்டு குதிரையில் வருவாரே, அவரா?" என்பார். முதலாமவர் இங்கிலாந்துச் சித்திரக்கதை நாயகர். இரண்டாமவர் அமெரிக்க நாயகர். பிறந்த மண்ணில் இருவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தமிழ்தான் இருவரையும் ஒரே பெயரால் அழைத்தது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். மாயாவி வடசொல். மேதை உடையவர் மேதாவி ஆவதுபோல, மாயை உடையவர் மாயாவி. தமிழில் மாயம் என்ற சொல் பழையது. திருக்குறளிலேயே 'மாய' என்பது வஞ்சனையைக் குறிக்கும் அடைமொழியாக வருகிறது. கருமைப் பொருளுள்ள 'மா' என்பதிலிருந்து பிறந்த மாயோன் வேறு சொல். பக்தி மரபில் இரண்டும் கலந்து மாயன் என்றும் மாயக்கண்ணன் என்றும் இனித்தன. ஆனால் மாயாவிக்கு அந்த இனிப்பு ஒட்டவில்லை. வான்மீகியில் மாயாவி என்பவன் வாலியைச் சண்டைக்கு இழுத்துக் குகைக்குள் புகுந்த அசுரன். கம்பனின் யுத்த காண்டத்தில், போலிச் சனகனைக் கொண்டுவந்து சீதையை ஏமாற்றப் பார்க்கும் பகுதிக்கே 'மாயா சனகப் படலம்' என்று பெயர். மாயம் செய்வது அரக்கர் தொழில் என்பதே கதை கேட்டு வளர்ந்தவர்களின் முடிவு.

அந்தச் சொல் 1972 ஜனவரியில் கட்சி மாறியது. சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மூலக்கதை 1962இல் 'வேலியன்ட்' என்ற ஆங்கில வார இதழில் 'தி ஸ்டீல் க்ளா' என்ற தலைப்பில் தொடங்கியது. கென் புல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளர். வலது கையை இழந்து, உலோகக் கை பொருத்திக்கொண்டவர். ஆய்வுக்கூட விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் பாய்கிறது. உடம்பு முழுவதும் மறைந்துபோகிறது. உலோகக் கை மட்டும் மறையவில்லை.

ஆங்கிலத் தலைப்பை அப்படியே தமிழாக்கினால் 'எஃகு நகம்' என்றோ 'எஃகுக் கொடுக்கு' என்றோ வரும். இரண்டும் வாயில் நிற்காது. பெயர் வைத்தவர் எஃகை விட்டு இரும்பை எடுத்தார்; நகத்தை விட்டுக் கையை எடுத்தார். கரத்தையும் எடுக்கவில்லை. 'இரும்புக்கரம் கொண்டு அடக்குவோம்' என்று மேடையில் முழங்கும்போது வரும் கரம் அதிகாரத்தின் கரம். கை அப்படியல்ல, சோறு பிசைவதும் பம்பரம் விடுவதும் கைதான். படிக்கும் பிள்ளைக்குத் தன்னிடமும் இருக்கிற உறுப்பு அது. இரும்பால் ஆகிய கை, நடுவில் ஒரு வல்லின ஒற்று அழுந்த, இரும்புக்கை ஆயிற்று. அதன் பக்கத்தில் மாயாவி வந்து உட்கார்ந்ததும் பாத்திரம் முழுமையாகிவிட்டது. ஆங்கிலப் பெயர் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்கிறது. தமிழ்ப் பெயரின் முதல் பாதி தெரிவதையும் மறுபாதி தெரியாததையும் சொல்கிறது. கதையின் அடிப்படையே பெயருக்குள் அடங்கிவிட்டது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. மூலக்கதையின் தொடக்கத்தில் கிராண்டேல் நல்லவர் அல்லர். மறையும் ஆற்றல் கிடைத்ததும் குற்றத்தில் இறங்குகிறவர். பிறகு திருந்தி, நிழல் படை என்னும் உளவு அமைப்பின் ஆளாகிறார். அரக்கர் வீட்டுச் சொல் நாயகர் வீட்டுக்கு வந்த பாதையும் அந்தப் பாத்திரம் நடந்த பாதையும் ஒன்றே.

சிதம்பரத்துக்காரருக்கு இதில் வியப்பு குறைவாகவே இருந்திருக்கும். சிற்சபையில் நடராசர் சன்னிதிக்கு அருகே திரையை விலக்கினால், அங்கே திருவுருவம் ஏதும் இல்லை. தங்க வில்வ மாலை தொங்குகிறது. உருவமில்லாத ஆகாயத்துக்கு அந்த மாலைதான் அடையாளம். காணாத ஒன்றைக் காண்கிற ஒன்றால் உணர்த்துவது அந்த ஊரின் மிக உயர்ந்த வழிபாடு. வழிபாட்டையும் வேடிக்கைக் கதையையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை. ஆயினும் 'சிதம்பர ரகசியம்' என்பதை அன்றாடப் பேச்சிலேயே வழங்கும் மக்களுக்கு, கை மட்டும் தெரியும் மனிதரைப் புரிந்துகொள்ள விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

அடைமொழியோடு ஒருவரை அறிமுகம் செய்யும் வழக்கமும் இந்த மண்ணில் ஊறியது. கடலூர், விழுப்புரம் பக்கத்துத் தெருக்கூத்தில் துரியோதனன் சட்டென்று மேடைக்கு வந்துவிடுவதில்லை. இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்து நிற்பார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும். கீழே சலங்கை கட்டிய கால்கள் தெரியும். உள்ளிருந்து பாட்டு வரும். யார் வருகிறார், எந்த ஊருக்கு அரசர், என்னென்ன பெருமை உடையவர் என்று கட்டியக்காரன் கேட்டும் பேசியும் வெளிக்கொண்டுவருவான். அவன் பெயரும் வரலாறு உள்ளதே. கட்டியம் என்பது அரசருக்கும் இறைவனுக்கும் முன்னால் கூறும் புகழுரை. அதைக் கூறியவன் கட்டியக்காரன். கூத்தில் அவனே கோமாளியும் ஆனான். சீவக சிந்தாமணியில் அரசைக் கவர்ந்த அமைச்சனுக்கும் கட்டியங்காரன் என்றே பெயர். இப்படிப் பட்டம் முன்னே வர ஆள் பின்னே வருவதைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, சித்திரக்கதைகளின் மந்திரவாதி மாண்ட்ரேக்கும் இரும்பு மனிதன் ஆர்ச்சியும் பழகிய முறையில்தான் வந்து நின்றார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். வெளிநாட்டுப் பாத்திரத்துக்குத் தமிழ்ப் பெயர் வைப்பது மூலத்தைச் சிதைப்பதாகாதா? 1906இல் இதே திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன், தழுவலை எதிர்த்து மொழிபெயர்ப்புக்காக வாதாடியவர். அயல்நாட்டுக் கதையை அயல்நாட்டுக் கதையாகவே படிக்கத் தமிழருக்குத் தெம்பு உண்டு என்று நம்பியவர். முத்து காமிக்ஸ் செய்ததை அந்த அளவுகோலால் அளந்தாலும் பெரிய குறை வராது. லூயிஸ் கிராண்டேல் தமிழில் லட்சுமணன் ஆகவில்லை. லண்டன் சென்னை ஆகவில்லை. இயற்பெயர் அப்படியே நிற்க, பட்டப்பெயர் மட்டும் தமிழில் வந்தது. ஊர்ப் பழக்கமும் அதுதானே: பெயர் பெற்றவர்கள் வைப்பது, பட்டம் ஊர் கொடுப்பது.

இரண்டாவது மாயாவியின் கதை வேறு. லீ ஃபாக் 1936இல் படைத்த 'ஃபேன்டம்' முத்து காமிக்ஸில் வேதாளர் ஆனார். 1947 முதல் வெளிவந்த அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிய வேதாளத்தைத் தமிழ்ப் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். அந்தச் சொல்லோடு மரியாதை விகுதியைச் சேர்த்ததும் பயமுறுத்தும் பேய் நீதி காக்கும் பெரியவராகிவிட்டது. பின்னாளில் அதே நாயகர் ராணி காமிக்ஸில் வந்தபோது மாயாவி எனப்பட்டார். அவர் மறைவதே இல்லை. தலைமுறை தலைமுறையாக மகன் தந்தையின் முகமூடியை அணிவதால், சாகாதவர் என்று காட்டுமக்கள் நம்புகிறார்கள். மாயம் அவர் உடம்பில் இல்லை, பார்ப்பவர் நம்பிக்கையில் இருக்கிறது. எனவே பெயர் இவருக்கும் பொருந்தியது. மலையாளத்திலோ 1984 முதல் பாலரமா இதழில் மாயாவி என்றால் நல்ல மனம் கொண்ட ஒரு குட்டிச்சாத்தான். ஒரே சொல், அடுத்தடுத்த இரண்டு மொழிகளில் மூன்று உருவங்கள்.

தமிழிலிருந்து வெளியே போன பெயரும் உண்டு. தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் 'டிங்கிள்' இதழுக்கு எழுதி அனுப்பிய நாட்டுப்புற அப்பாவியின் கதைகள் 1983இல் ராம் வாயீர்கரின் ஓவியங்களோடு சுப்பாண்டியாக வெளிவந்தன. சுப்பன், ஆண்டி என்னும் ஊர்ப்பெயர்களின் ஓசை அதில் கேட்கிறது. இந்தியா முழுவதும் பிள்ளைகள் அந்த ஓசையோடுதான் அவரை அழைக்கிறார்கள்.

தொலைக்காட்சிக் காலத்திலும் இதே விதிதான். 2007இல் தொடங்கிய சுட்டி டிவியில் டோராவின் குரங்குத் தோழன் 'பூட்ஸ்' என்ற தன் காலணிப் பெயரைக் கழற்றிவிட்டு, வீட்டுக் குழந்தையைக் கொஞ்சும் புஜ்ஜி ஆனான். டோராவைச் சொன்னால் புஜ்ஜியும் கூடவே வருகிறான். சோட்டா பீமுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பீமன் வேடத்துக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் கடலூர் மாவட்டத்தில், 'குட்டி பீமன்' என்று ஒரு சொல்லை மாற்றியிருந்தாலே போதும். குழந்தை தன் ஊர்க் கூத்தையும் தொலைக்காட்சியையும் ஒன்றாகப் பார்த்திருக்கும்.

வேலியன்ட் இதழ் 1976இல் நின்றுவிட்டது. இரும்புக்கை மாயாவி தமிழில் அதற்குப் பிறகும் மறுபதிப்புகளாக வந்துகொண்டிருக்கிறார்; அவரைப் படமாக்கும் கனவைத் திரைப்பட இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பொதுவெளியில் பேசியிருக்கிறார். கதை அயலாருடையது, ஓவியம் அயலாருடையது. அவரை நம்மிடம் தங்கவைத்தது பெயர். முத்து காமிக்ஸின் தொடக்க ஆண்டுகளில் ஆசிரியராக உழைத்த முல்லை தங்கராசன் போன்றவர்களை இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில்கூடச் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும். ஒரு தலைமுறையின் நாவில் நிற்கும் சொற்களை ஆக்கித் தந்தவர்களும் எழுத்தாளர்களே. இன்று குழந்தைகள் தொடருக்குத் தமிழ்க் குரல் கொடுக்கும் ஒவ்வொரு குழுவிலும், பெயர் வைப்பதற்கென்றே மொழி அறிந்த ஒருவரை அமர்த்த வேண்டும். தொடரின் முடிவில் அவர் பெயரையும் போட வேண்டும்.