ஏட்டில் உரிமை, குழாயில் நீர்

தென்னாபிரிக்காவின் வரலாற்றை நிறவெறியின் வரலாறாகவே நாம் பெரும்பாலும் படித்து வந்துள்ளோம். அது தவறன்று, எனினும் அதனுள்ளே நிலத்தின் வரலாறும் நீரின் வரலாறும் பொதிந்து கிடக்கின்றன. 1994ஆம் ஆண்டு நிறவெறி ஆட்சி வீழ்ந்தது. அவ்வாட்சி மக்களிடமிருந்து பறித்தவை மீண்டும் அவர்கள் கைக்கு எட்டினவா என்பதை, குடிநீர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1913ஆம் ஆண்டின் சுதேசிகள் நிலச் சட்டம், பெரும்பான்மையினரான கறுப்பின மக்களுக்கு நாட்டு நிலத்தில் நூற்றுக்கு ஏழு வீதமளவையே ஒதுக்கிற்று. 1936ஆம் ஆண்டுச் சட்டம் இதனைச் சுமார் பதின்மூன்று வீதம் வரை உயர்த்த இடமளித்தது. இச்சட்டங்கள் நிலத்தோடு நின்றுவிடவில்லை. ஆற்றங்கரைக் காணியை உடையவனுக்கே ஆற்றுநீரிலும் உரிமையுண்டு என்பது அந்நாட்டின் நீர்ச்சட்டத்தில் வேரூன்றியிருந்த கொள்கை. 1956ஆம் ஆண்டின் நீர்ச் சட்டமும் அதனைப் பேணிற்று. ஆகவே, நிலத்தை இழந்தவன் நீரையும் இழந்தான். வெள்ளையரின் பண்ணைகளுக்கு வாய்க்கால்கள் ஓடின. ஒதுக்கிடங்களில் பெண்கள் குடத்தைத் தலையிற் சுமந்து நெடுந்தூரம் நடந்தனர். 1994இல் பதவியேற்ற அரசின் கணக்குப்படி, போதிய குடிநீர் வசதியற்றோர் சுமார் 1 கோடியே 20 இலட்சம் பேராவர்.

புதிய அரசு வாளாவிருந்தது என்று எவரும் கூறமுடியாது. 1996ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, தனது 27ஆம் பிரிவில், போதிய உணவையும் நீரையும் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டெனப் பொறித்தது. உலகின் மிகச் சில அரசியலமைப்புகளே அன்று இவ்வளவு தெளிவாகப் பேசின. 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம் ஆற்றங்கரைக் காணியாளரின் பழைய உரிமையை ஒழித்து, நீரைப் பொதுச் சொத்தாக்கி, அரசை அதன் காப்பாளனாக்கிற்று. எனினும் 27ஆம் பிரிவிலேயே ஒரு வரையறையும் உண்டு: அரசு தன்னிடமுள்ள வளங்களுக்கு அமைய, நியாயமான நடவடிக்கைகள் மூலம், படிப்படியாக அவ்வுரிமையை நிறைவேற்றினாற் போதும். பின்னெழுந்த வழக்குகள் யாவும் இவ்வரையறையைச் சுற்றியே நிகழ்ந்தன.

அரசியலமைப்பு நிறைவேறிய அதே 1996இல், அரசு பொதுச் செலவைக் கட்டுப்படுத்தும் பொருளாதாரக் கொள்கையையும் வகுத்தது. நீர் வழங்கும் செலவை நீர் பெறுவோரிடமே அறவிட வேண்டும் என்னும் நியதி வலுப்பெற்றது. அதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. குவாசூலு நேட்டால் மாகாணத்தின் எம்பங்கேனிப் பகுதியில், முன்னர் இலவசமாக நீர் தந்த பொதுக்குழாய்கள் பணம் கட்டினாலன்றித் திறவாதனவாக மாற்றப்பட்டன. பணமற்றோர் ஆற்றை நாடினர். 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அங்கு தலைகாட்டிய வாந்திபேதி, மாகாணம் எங்கும் பரவி 1 இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்தது. 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். இதன் பின்னரே, 2001இல், வீடொன்றுக்கு மாதம் 6,000 லீற்றர் நீரை இலவசமாக வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

இந்த 6,000 லீற்றரைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். எட்டுப் பேர் வாழும் வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லீற்றர் கிடைக்கும். பின்வளவிலே குடிசைகள் போட்டு இருபது பேர் வாழும் காணியிலோ ஆளுக்கு 10 லீற்றரே மிஞ்சும். நீரூற்றும் மலகூடத்தை ஒருமுறை பயன்படுத்தினாலே அவ்வளவும் தீர்ந்துவிடும். கணக்கு வீட்டுக்கானது, தாகமோ ஆளுக்கானது. ஏழைகளின் வீட்டிலேயே ஆட்கள் அதிகம் என்பதை இத்திட்டம் கருத்திற் கொள்ளவில்லை.

யோகன்னஸ்பேர்க் நகரின் சொவேற்றோவிலுள்ள பீரி என்னும் குடியிருப்பில் இம்முரண்பாடு வெளிப்படையாயிற்று. பழுதடைந்த குழாய்களால் நீர் வீணாகிறது, கட்டணமும் சேர்வதில்லை என்று நகரசபை காரணங்காட்டிற்று. இலவச அளவு முடிந்ததும், முற்பணம் செலுத்தினாலன்றி நீர் விடாத மானிகள் அங்கு பொருத்தப்பட்டன. வசதிமிக்க புறநகரங்களில் முதலில் நீர், பின்னர் பட்டியல். பீரியிலோ முதலில் பணம், பின்னர் நீர். குடியிருப்பாளர் ஐவர் வழக்குத் தொடுத்தனர். 2008இல் உயர் நீதிமன்றம் அம்மானிகள் சட்டவிரோதமானவை என்றும், ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் வழங்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் அது 42 லீற்றராகக் குறைக்கப்பட்டது. 2009 ஒக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றமோ, அளவை நிர்ணயிப்பது அரசின் கடமையேயன்றி நீதிமன்றத்தின் பணியன்று எனக் கூறி, நகரசபையின் திட்டத்தையும் மானிகளையும் ஏற்றுக்கொண்டது. மசிபுக்கோ வழக்கு எனப்படும் இவ்வழக்கில் மக்கள் தோற்றனர். ஆயினும், வழக்கு நடந்த காலத்திலேயே நகரசபை வறிய குடும்பங்களுக்கு மேலதிக இலவச நீர் வழங்க முன்வந்தது. மக்கள் வாதாடியதாலேயே திட்டம் திருந்தியது என்பதை அந்நீதிமன்றமும் குறிப்பிட்டது.

அயல்நாடான பொட்சுவானாவிலும் இதனையொத்த கதையொன்று உண்டு. 2002இல் அரசு, மத்திய கலகாரி வனக்காப்பகத்தில் வாழ்ந்த ஆதிகுடிகளான சான் மக்களை வெளியேற்றியபோது, அவர்களுக்கு நீர் தந்த ஆழ்துளைக் கிணற்றையும் மூடிற்று. 2006இல் அவர்கள் திரும்பி வாழும் உரிமையை வென்றனர். நீரின்றி அங்கு எவ்வாறு வாழ்வது? 2011 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அக்கிணற்றைப் பயன்படுத்தும் உரிமையையும் வழங்கிற்று. ஆனால் செலவு அவர்களுடையதே.

இவ்விரு நாடுகளிலும் உரிமையை மறுப்போர் இன்று அரிது. உரிமை ஒப்புக்கொள்ளப்படுகிறது, அதற்கான செலவு ஏழையின் தலையிற் சுமத்தப்படுகிறது. அடக்குமுறை ஆட்சி சட்டத்தால் மறுத்ததை, மக்களாட்சி கட்டணத்தால் மறுக்கலாகாது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். அதனால் ஏட்டைக் கிழித்தெறிவதும் அறிவுடைமையன்று. 2022ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி, தென்னாபிரிக்காவில் பத்தில் எட்டுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு வீட்டிலோ வளவிலோ குழாய் உண்டு. இது சிறிய சாதனையன்று. ஆயினும் அண்மைய ஆண்டுகளில், யோகன்னஸ்பேர்க்கிலேயே குழாய்கள் நாட்கணக்கில் வறண்டு கிடந்ததுண்டு. 27ஆம் பிரிவு இல்லாதிருந்தால் பீரியின் ஏழைகள் எதனைக் காட்டி வழக்காடியிருப்பர்? ஏட்டிலுள்ள அவ்வாசகத்தைக் குழாய்வரை கொண்டுவர, வரிப்பணமும் பொது நிர்வாகமும் வேண்டும். அவை தளரும்போதெல்லாம் தட்டிக்கேட்கும் மக்களும் வேண்டும்.