மதுவிடுதியில் பிறந்து மில்லில் வளர்ந்த பேண்ட்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், பிராட்ஃபோர்டுக்கும் ஹாலிஃபாக்ஸுக்கும் நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிக்கு மேல் ஒரு மேட்டில் இருக்கிறது குவீன்ஸ்பரி. காற்றுக்குப் பஞ்சமில்லாத ஊர். ஊதுகிறவர்களுக்கும்தான். பிளாக் டைக் பேண்டின் சொந்த ஊர் அது.

அந்த பேண்ட் எப்படிப் பிறந்தது என்று கேட்டால் வழக்கமாக ஒரு கதை சொல்வார்கள். ஜான் ஃபாஸ்டர் என்ற கம்பளி மில் முதலாளி 1855-இல் தன் தொழிலாளிகளுக்கு வாத்தியங்கள் வாங்கிக் கொடுத்து, தன் மில் துணியிலேயே சீருடை தைத்துப் போட்டு, ஒரு பேண்டை உருவாக்கினார் என்று. பொய்யில்லை. ஆனால் பாதிக் கதை, அதுவும் பின்பாதி.

முன்பாதி ஒரு மதுவிடுதியில் தொடங்குகிறது. ஊருக்கு அப்போது குவீன்ஸ்ஹெட் என்று பெயர். குவீன்ஸ்பரி என்று மாறியது 1863-இல்தான். அங்கே விடுதி நடத்திய பீட்டர் வார்ட்டன் 1816-இல் ஒரு பேண்ட் சேர்த்தார். வாட்டர்லூ போர் முடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வார்ட்டனின் பேண்டில் பித்தளை வாத்தியங்களோடு கிளாரினெட் மாதிரி நாணல் வைத்து ஊதும் வாத்தியங்களும் கலந்திருந்தன. அதில் பிரெஞ்சு ஹார்ன் ஊதியவர்களில் ஒருவர் ஜான் ஃபாஸ்டர். 1798-இல் பிறந்த அவருக்கு பேண்ட் தொடங்கிய வருஷம் பதினெட்டு வயது. மில் அப்போது இல்லை.

அந்தக் காலத்துக் கிராமத்து ஹார்னில் வால்வு கிடையாது. சுருட்டிய குழாய், ஒரு முனையில் உதடு, மறுமுனையின் அகன்ற வாய்க்குள் வலது கை. இயற்கையாக வரும் சுரங்கள் போக மற்றவற்றை அந்தக் கையால் அடைத்தும் திறந்தும்தான் வரவழைக்க வேண்டும். அடைத்த சுரம் மங்கலாகக் கேட்கும், திறந்த சுரம் கணீரென்று கேட்கும். இரண்டையும் ஒரே மாதிரி ஒலிக்கவைக்க வருஷக்கணக்கில் சாதகம் வேண்டும். பின்னாளில் வாத்தியங்களுக்குப் பணம் கொடுத்த முதலாளிக்கு இந்தப் பாடு தெரிந்திருந்தது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

வார்ட்டனின் பேண்ட் நிலைக்கவில்லை. 1830-களில் அது கலைந்து, ஊர்க்காரர்கள் மறுபடி ஒன்றைச் சேர்த்தார்கள். அதற்குள் ஃபாஸ்டர் எங்கோ உயரத்துக்குப் போய்விட்டிருந்தார். 1819-இல் கம்பளித் தொழிலைத் தொடங்கியவர், 1835 வாக்கில் பிளாக் டைக் மில்லைக் கட்டினார். பெரு நாட்டு அல்பாக்கா, துருக்கி ஆட்டின் மொஹேர் ஆகிய பளபளப்பான ரோமங்களில் துணி நெய்து பெரும் செல்வந்தரானார். 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் கண்ணாடியாலும் இரும்பாலும் கட்டிய கிறிஸ்டல் பேலஸில் உலகக் கண்காட்சி நடந்தபோது, அவருடைய துணியும் நூலும் பரிசு வாங்கின.

இதற்கிடையில் பித்தளை வாத்தியமே உருமாறிக்கொண்டிருந்தது. ஒரு முதலாளியின் தாராளத்தைவிட இந்த மாற்றத்துக்குத்தான் பேண்ட் அதிகம் கடன்பட்டிருக்கிறது. குழாயில் மூன்று பிஸ்டன்கள் வந்தன. நடுப் பிஸ்டனை அழுத்தினால் கொஞ்சம் கூடுதல் குழாய் சேர்ந்து சுரம் அரைப்படி இறங்கும். முதல் பிஸ்டன் ஒரு படி இறக்கும், மூன்றாவது ஒன்றரைப் படி. மூன்று விரல்களைச் சேர்த்தும் விட்டும் அழுத்தினால் எல்லா சுரமும் கைக்கு வந்துவிடும். பாரிஸில் அடோல்ஃப் சாக்ஸ் சிறிதும் பெரிதுமாக ஒரே குடும்பத்து வாத்தியங்களாக சாக்ஸ்ஹார்ன்களைச் செய்தார். டிஸ்டின் என்ற ஆங்கிலேய இசைக் குடும்பம் 1844-இல் அவற்றைப் பார்த்து மயங்கி, வாங்கிவந்து பிரிட்டன் முழுக்க வாசித்துக் காட்டியது.

இதில் சூட்சுமம் என்னவென்றால், கார்னெட்டுக்குக் கற்ற விரல்கணக்கே டெனர் ஹார்னுக்கும் யூஃபோனியத்துக்கும் ராட்சத டூபாவுக்கும் பொருந்தும். எழுதும் முறையையும் அதற்கேற்ப அமைத்துக்கொண்டார்கள். இன்றும் பிரிட்டிஷ் பித்தளை பேண்டில் பாஸ் டிராம்போன் தவிர ஊதுகிற எல்லாருக்கும், டூபாக்காரர் உட்பட, மேல்சுரங்களுக்கான டிரெபிள் கிளெஃபில்தான் இசையை எழுதிக் கொடுக்கிறார்கள். டூபாக்காரர் நோயில் விழுந்தாலோ வேலைதேடி ஊரைவிட்டுப் போனாலோ, பக்கத்து நாற்காலிக்காரரை அங்கே உட்காரவைக்கலாம். உதடு பழகச் சில வாரங்கள் ஆகும். விரல் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. பகலெல்லாம் தறியில் நிற்கிறவனுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது.

வாத்தியம் வந்துவிட்டது. நேரம்? அதைக் கொடுத்தது சட்டம். 1847-இன் பத்து மணி நேரச் சட்டத்துக்குப் பின், 1850-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் துணி மில்களில் பெண்களுக்கும் இளவயதினருக்கும் சனிக்கிழமை இரண்டு மணியோடு வேலையை முடித்துவைத்தது. அவர்கள் இல்லாமல் மில் ஓடாதாகையால் ஆண்களுக்கும் அரைநாள் கிடைத்தது. வடக்கு இங்கிலாந்தின் பேண்டுகள், கால்பந்துக் குழுக்கள், இன்னும் பல சங்கதிகள் அந்தச் சனிக்கிழமை மதியத்தின் பிள்ளைகள்தான்.

ஃபாஸ்டர் 1855-இல் கைகொடுத்தது இந்த நிலையில். ஏற்கெனவே ஊதிக்கொண்டிருந்த ஊர் பேண்ட் மில்லின் பேண்டாகி, மில்லின் பெயரையும் எடுத்துக்கொண்டது. பழைய ஹார்ன்காரரின் பாசம் மட்டும்தான் காரணமா? எனக்கு நம்பிக்கையில்லை. 1842 ஆகஸ்டில்தான் வேலைநிறுத்தக்காரர்கள் பக்கத்து ஹாலிஃபாக்ஸில் கொதிகலன்களின் அடைப்பானைப் பிடுங்கி மில்களை நிறுத்தியிருந்தார்கள், ராணுவம் வந்தது. மாலையில் கூட்டம் போடுகிறவனைவிட ஒத்திகைக்குப் போகிறவனை எந்த முதலாளிக்கும் பிடிக்கும். பேண்ட் போன இடமெல்லாம் மில் துணிக்கு நடமாடும் விளம்பரமாகவும் இருந்தது. கணக்கும் பிரியமும் சேர்ந்தே இருந்திருக்கும், குறையொன்றுமில்லை.

அடுத்த ஐந்தாவது வருஷம் பலன் தெரிந்தது. ஹைட் பார்க் கிறிஸ்டல் பேலஸை அதற்குள் பிரித்து எடுத்துப்போய் லண்டனின் தென்புறம் சிடன்ஹாமில் திரும்பக் கட்டியிருந்தார்கள். ஹல் நகரத்து எண்டர்பி ஜாக்சன் என்பவர் ரயில் கம்பெனிகளோடு பேசி மலிவுக் கட்டணத்துக்கு ஏற்பாடு செய்து, 1860 ஜூலையில் அங்கே இரண்டு நாள் பேண்ட் போட்டி நடத்தினார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒன்றாக ஊதியதும் அந்த விழாவில்தான். முதல் நாள் முதல் பரிசு பிளாக் டைக்குக்கு. முதலாளியின் துணி ஜெயித்த அதே கண்ணாடி மாளிகையில் ஒன்பது வருஷம் கழித்து அவர் ஆட்களின் ஊதலும் ஜெயித்தது.

அதன் பிறகு நடந்தது பெரும்பாலும் வெற்றிப் பட்டியல், அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. 1902-இல் முதல் தேசியப் பட்டம். இன்றுவரை இருபதுக்கு மேல். 1906-இல் கனடா, அமெரிக்கச் சுற்றுப்பயணம். ஊருக்கு ரயில் 1879-இலேயே வந்துவிட்டது, ஆனால் நிலையம் சுமார் 400 அடி பள்ளத்தில் இருந்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் டூபாவைத் தூக்கிக்கொண்டு அந்த மேட்டில் ஏறித்தான் வீடுபோய்ச் சேர வேண்டும்.

போட்டி முறை மட்டும் சொல்லத்தக்கது. யார் எப்போது வாசிப்பது என்பது குலுக்கலில் முடிவாகும். நடுவர்கள் நாலு பக்கமும் மூடிய பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பார்கள், மேடையில் இருப்பது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. முதலாளி பெயரோ பழைய புகழோ உள்ளே நுழைய வழியில்லை.

1968-இல் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி தொலைக்காட்சித் தொடருக்கு எழுதிய 'திங்கமிபாப்' என்ற இசையை வாசிக்க இவர்களைத் தேடி வந்தார். பீட்டில்ஸின் ஆப்பிள் இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் நான்கு சிறு இசைத்தட்டுகளில் 'ஹே ஜூட்' ஒன்று, இது இன்னொன்று. ஒலிப்பதிவு நடந்தது பக்கத்து சால்டெய்ரின் விக்டோரியா ஹாலில். சால்டெய்ர், ஃபாஸ்டரைப் போலவே அல்பாக்காவில் சம்பாதித்த டைட்டஸ் சால்ட் தன் தொழிலாளிகளுக்குக் கட்டிய ஊர். மதுவிடுதிக்கு அவர் அங்கே இடமே கொடுக்கவில்லை. வார்ட்டன் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

இந்த பேண்டின் முதன்மைக் கார்னெட்காரராக இருந்த மாரிஸ் மர்ஃபி பின்னால் லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முதல் டிரம்பெட்டாகப் போனார். 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் தொடக்கத்தில் கேட்கும் டிரம்பெட் அவர் ஊதியதுதான்.

இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பிளாக் டைக் மில்லில் தறிகள் நின்றுபோயின. பேண்ட் தனியாகப் பிரிந்து, பெயரிலிருந்து 'மில்ஸ்' என்பதை எடுத்துவிட்டது. வாசிப்பவர்கள் இன்று மில் ஆட்கள் அல்ல. சம்பளம் கொடுக்க முதலாளியும் இல்லை, கச்சேரி வருமானமும் ஆதரவாளர்களின் நன்கொடையும்தான். ஒத்திகை மட்டும் இன்னும் குவீன்ஸ்பரியில் நடக்கிறது.