பகல் முகாமின் நகரத்துப் பூர்வீகம்

அமெரிக்கப் பெற்றோர் தம் இளம் பிள்ளைகளுக்காகக் கோடைதோறும் தேடி அலையும் பகல் முகாம், அதாவது காலையில் கொண்டுவிட்டு மாலையில் அழைத்துவரும் முகாம், காட்டிலும் ஏரிக்கரையிலும் வாரக்கணக்கில் தங்கும் முகாமின் சுருங்கிய வடிவம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. பெயரின் ஒற்றுமையால் எழுந்த இக்கருத்து பொருந்துவதாக இல்லை. ஒன்று வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளுக்காகவும் மற்றொன்று உழைப்பாளர் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்காகவும் தோன்றியவை.

தங்கும் முகாமின் வரலாறு, கனெக்டிகட் மாநிலத்தில் விடுதிப் பள்ளி நடத்திய ஃபிரெடரிக் கன், 1861இல் தம் மாணவரைக் கடற்கரைக்கு நடத்திச் சென்று கூடாரமிட்டுத் தங்கவைத்ததிலிருந்து சொல்லப்படுகிறது. 1881இல் நியூ ஹாம்ப்ஷயரின் ஸ்குவாம் ஏரித்தீவு ஒன்றில் எர்னஸ்ட் பால்ச் தொடங்கிய சொகோருவா முகாமோ, கோடை முழுவதையும் உல்லாச விடுதிகளில் வீணாகக் கழித்த செல்வர் வீட்டுச் சிறுவர் தாமே சமைத்து, பாத்திரம் துலக்கி வாழப் பழக வேண்டும் என்ற நோக்குடையது.

நகரத்தின் சிக்கல் வேறு. நீண்ட கோடை விடுமுறை உழவு வேலைக்காக ஏற்பட்டது என்பது பரவலான நம்பிக்கை. ஆயினும் விதைப்பும் அறுவடையும் பெரும்பாலும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நிகழ்வன என்பதோடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெருநகரப் பள்ளிகள் ஏறத்தாழ ஆண்டு முழுவதுமே இயங்கின. வெப்பம், நோய்ப் பயம், வசதியுள்ள குடும்பங்கள் கோடையில் ஊரைவிட்டு வெளியேறிய வழக்கம், மிகுந்த படிப்பு மூளையைக் கெடுக்கும் என்ற அக்கால எண்ணம் ஆகியவை சேர்ந்தே பள்ளிக் கதவுகளைக் கோடையில் அடைத்தன. வெளியேற வழியற்ற தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளுக்குத் தெருவே மிஞ்சியது. இதற்கு விடையாக எழுந்ததுதான் விடுமுறைப் பள்ளி, அதாவது மூடிக்கிடந்த கட்டடத்தில் கைத்தொழிலும் பாட்டும் விளையாட்டும் கற்பித்த கோடைக்கால ஏற்பாடு. பாஸ்டனில் 1866இல் ஒரு தேவாலயம் இதைத் தொடங்க, 1885இல் நியூவார்க் நகரக் கல்வி நிர்வாகம் பொதுச்செலவில் நடத்த முன்வந்தது.

மிக இளைய பிள்ளைகளைப் பொறுத்தவரை, இவற்றினும் முக்கியமானதாக ஒரு மணற்குவியலையே கருத வேண்டும். பாஸ்டனில் மருத்துவப் பணியாற்றிய மேரி சக்ஷெவ்ஸ்கா, பெர்லின் பூங்காக்களில் குழந்தைகள் விளையாடக் கொட்டி வைத்திருந்த மணலைக் கண்டு எழுதியனுப்பிய கடிதத்தின் விளைவாக, 1885இல் பார்மெண்டர் தெருவிலிருந்த ஒரு வழிபாட்டுக் கூடத்தின் முற்றத்தில் மணல் கொட்டப்பட்டது. மணல் தோட்டம் எனப்பட்ட அவ்விடத்தில் முதலில் தன்னார்வப் பெண்களும், சில ஆண்டுகளுக்குள் ஊதியம் பெற்ற பெண்களும் குழந்தைகளைக் கவனித்தனர். வீடு திரும்பும் குழந்தை, பொறுப்பான ஒரு பெரியவர், நடந்து செல்லும் தூரத்தில் ஓரிடம் என்னும் பகல் முகாமின் மூன்று அடிப்படைகளும் அங்கேயே அமைந்துவிட்டன.

1901இல் ராபர்ட் போவில் நியூயார்க்கில் தொடங்கிய அன்றாட விடுமுறை வேதாகமப் பள்ளியும், 1920களில் சாரணியர் போன்ற அமைப்புகள் பகல் முகாம் என்ற பெயரிலேயே நடத்தியவையும் இவ்வழியில் வந்தவை. பிற்காலத்தில் வரிச் சட்டமும் இந்த வேறுபாட்டை ஏற்றது: வேலைக்குச் செல்லும் பெற்றோர் இளம் பிள்ளையின் பராமரிப்புக்குச் செய்யும் செலவில் ஒரு பங்கைச் செலுத்த வேண்டிய வரியிலேயே கழித்துக்கொள்ள 1976 முதல் இடமுண்டு, பகல் முகாமின் கட்டணம் அக்கணக்கில் சேரும், இரவு தங்கும் முகாமின் கட்டணமோ 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதிலிருந்து நீக்கப்பட்டது.